நுவரெலியா, ஹார்ட்டன் சமவெளி: பறவை பாக்க போறோம், ரூட் சரியா இருக்கா பாத்து சொல்லுங்க

நெல்லை_லென்ஸ்:
மக்களே வணக்கம். ஜனவரி கடைசில குடும்பத்தோட இலங்கை போறோம். நான், வீட்டம்மா, ஆறாப்பு படிக்கிற பையன், கூட மாமனாரும் வாரேன்னு நிக்காரு. மதுரைல ஏறுனா ஒரு மணி நேரத்துல கொழும்பு, நம்ம ஊருல இருந்து மெட்ராஸ் போற நேரத்துல கால்வாசி கூட கிடையாது. முக்கியமா பறவைக்குத்தான் போறோம், அதுவும் மலைப்பறவை. நான் போட்டு வச்சிருக்க ரூட்டு: கொழும்பு, கண்டி, நுவரெலியா, ஹார்ட்டன் சமவெளி, எல்ல, யால, சிங்கராஜா மழைக்காடு, திரும்ப கொழும்பு. இலங்கைல மட்டுமே உள்ள பறவை முப்பதுக்கு மேல இருக்காம்லா, அதுல எத்தன தேறும்? கைடு வேணுமா, இல்ல ஆப்ப வச்சே சமாளிச்சிரலாமா? குளிரு எப்படி, அட்டை உண்டா? பைனாக்குலர் 10×50 பழசு ஒன்னு கெடக்கு, கூந்தன்குளத்துக்கு அது போதும், காட்டுக்கு ஆவுமா?

பேட்டை_புறா:
ஒரே டிரிப்புல இத்தன ஊரா? நீங்க பறவைய பாக்க மாட்டீங்க, வேன் டிரைவரு பொடதியத்தான் பாப்பீங்க. யாலவ மொதல்ல வெட்டுங்க, அது சிறுத்தைக்கும் யானைக்கும் ஜீப்புல போற எடம், மலையே கிடையாது.

வாத்தியார்_அம்பை:
தம்பி, பேட்டைக்காரர் யாலவ வெட்டச் சொன்னாரு, நான் எல்லவையும் சிங்கராஜாவையும் சேத்தே வெட்டச் சொல்லுதேன். நுவரெலியால ரூம் போட்டு அங்கனயே கெடங்க.

ஒன்னு கேக்கேன், கோவப்படாதீங்க. நம்ம மலைல நீங்க என்னெல்லாம் பாத்திருக்கீங்க? ஏன் கேக்கேன்னா இலங்கை மலைல இருக்கதெல்லாம் நம்ம மேற்குத்தொடர்ச்சி மலைப் பறவைகளுக்கு சொக்காரங்க. பனியுகத்துல கடல் மட்டம் இறங்குன காலத்துல ரெண்டு நிலமும் ஒட்டித்தான் கெடந்துது, பொறவு தண்ணி ஏறி பிரிஞ்சிட்டு. குளிர் மலை உச்சில இருந்ததெல்லாம் அங்கங்க தனியா மாட்டிக்கிட்டு வேற வேற இனமா போயிட்டு. அதனாலதான் உலகத்துல பல்லுயிர் செழிப்பான எடம்னு லிஸ்ட் போடுறப்ப மேற்குத்தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் ஒரே கணக்குல எழுதுதாங்க. நம்ம மாஞ்சோலை ரோட்டுல விசிலடிக்குமே சீகாரப் பூங்குருவி, அதுக்கு அங்க ஒரு தம்பி இருக்கு, அரெங்கான்னு பறவைக்காரங்க சொல்லுவாங்க, உருவத்துல சின்னது, நம்மாளு மாதிரி பாட்டெல்லாம் பாடாது, கீச்சுனு கம்பி இழுத்த மாதிரி ஒரு சத்தம் அவ்வளவுதான். நம்ம கக்காச்சிப் பக்கம் நீலகிரி காட்டுப்புறா இருக்கு, கழுத்துக்குப் பின்னால சதுரங்க கட்டம் போட்டது, அங்கயும் ஒரு காட்டுப்புறா, அதே கட்டம், உடம்பு நிறம் மட்டும் வேற. நம்ம நீலகிரி ஈப்பிடிப்பானுக்கு அங்க மங்கல் நீல ஈப்பிடிப்பான். இப்படி ஜோடி ஜோடியா பாத்துக்கிட்டே போனா, இது எதனால வேற அது எதனால வேறன்னு கண்ணுக்கு ஒரு வேலை இருக்கும். சும்மா லிஸ்ட்டுல டிக் போட போனீங்கன்னா நுவரெலியால போயி சட்டையும் டீத்தூளும் வாங்கிட்டுதான் வருவீங்க.

அதனால போறதுக்கு முந்தி நம்ம பக்கத்த ஒரு சுத்து பாத்துருங்க. மேல நம்ம அகத்தியமலை காட்டுல சோலைக்கிளின்னு ஒரு சின்னக் குருவி இருக்கு, பேருலதான் கிளி, அத 2017லதான் தனி இனம்னு பிரிச்சு பேரு வச்சாங்க, உலகத்துல வேற எங்கயும் கிடையாது. அத பாக்காதவன் பாஸ்போர்ட் எடுக்கலாமான்னு எங்க செட்டுல கேப்போம்.

களக்காட்டுக்காரி:
சார்வாள், சொக்காரங்க கதை நல்லாருக்கு, ஆனா கடைசில சொன்னத நான் ஒத்துக்க மாட்டேன். நம்ம சோலைக்கிளிய போயி பாக்கணும்னா புலிகள் காப்பகத்துக்குள்ள பெர்மிட் வேணும், மணிமுத்தாறு செக்போஸ்ட்டுல எந்த வண்டிய விடுவாங்க, எத விட மாட்டாங்கன்னு அன்னைக்கு போனாத்தான் தெரியும், மழைக்கு ரோடு போச்சுன்னா அதுவும் கிடையாது. நாலுமுக்கு, ஊத்து எல்லாம் மழை கொட்டுற எடம். பொம்பளைங்க நாங்க நாலு பேரு தனியா போறோம்னா வீட்டுல ஒரு பெர்மிட், ஆபீஸ்ல ஒரு பெர்மிட். ஹார்ட்டன்ல காலைல டிக்கெட் வாங்குனா 2,100 மீட்டர் உயரத்துல தரைல நடந்து போயி பாத்துட்டு வந்துரலாம். நம்ம பொதிகை உச்சியே 1,868 தான். உள்ளூர் காட்டுக்குள்ள எளுப்பமா விட மாட்டாங்க, பக்கத்து நாட்டுல விடுதாங்க, அதுக்கு பாஸ்போர்ட் எடுக்கவன குத்தம் சொல்லி என்ன பண்ண.

வாத்தியார்_அம்பை:
அக்கா சொல்றது நியாயம்தான். செக்போஸ்ட் விஷயத்துல நான் வாய் திறக்கல.

பொருநை_கணக்கு:
ஜனவரி கடைசின்னா தாமிரபரணி நீர்ப்பறவை கணக்கெடுப்பு வருமே அண்ணாச்சி? 2011ல இருந்து வருசா வருசம் ஜனவரில நடக்கு. ராஜவல்லிபுரம் குளத்துக்கு இப்பவே ஆளு பத்தல, நீங்க பாட்டுக்கு புறாவ பாக்க கடல் தாண்டுதேன்னு கிளம்புனா எப்படி.

நெல்லை_லென்ஸ்:
தேதி பாத்து முன்ன பின்ன மாத்திக்கிடுதேன், குளத்துக்கு வாரேன், கத்தாதீரும்.

சார்வாள் சொன்ன மாதிரி எல்லவும் யாலவும் வெட்டியாச்சு. சிங்கராஜா மட்டும் மனசு கேக்கல. அப்புறம் அரெங்காவுக்கு மெர்லின்னு பறவை ஆப்புல அதோட சத்தத்த போட்டா வெளிய வரும்னு ஒரு வீடியோல பாத்தேன், புளூடூத் ஸ்பீக்கர் சின்னது ஒன்னு வாங்கிரட்டா?

களக்காட்டுக்காரி:
ஸ்பீக்கர் வாங்குனா அத கொழும்புலயே மறந்து வச்சிட்டு போயிருங்க. தன் எடத்துக்குள்ள இன்னொரு ஆம்பள வந்துட்டான்னு அந்த பறவை நெனச்சி தீனிய விட்டுட்டு, குஞ்ச விட்டுட்டு சண்டைக்கு வரும். வாரது உங்க போட்டோவுக்கு. நீங்க போனதும் அடுத்த வேன் வரும், அவனும் போடுவான். அரெங்கா அழியுற நிலைல உள்ள பறவைன்னு உலகப் பட்டியல்லயே இருக்கு, இருக்கதே கொஞ்சம். நம்ம கூந்தன்குளத்துல பறவை கூட்டுல இருக்குன்னு தீவாளிக்கு ஊரே வெடி போடாம இருக்காங்க, நாம போயி அடுத்தவன் காட்டுல ஸ்பீக்கர வைக்கதா?

நெல்லை_லென்ஸ்:
சரிக்கா. ஸ்பீக்கர் கேன்சல்.

பேட்டை_புறா:
ஒரு தடவ லேசா போட்டா என்ன ஆயிரும்னு நானும் முன்ன வாதாடிருக்கேன், இந்த அக்காட்ட யாரும் ஜெயிக்க முடியாது.

சத்தம்னு வந்ததும் ஒன்னு ஞாபகம் வருது. சிங்கராஜா பக்கத்து காட்டுல ஒரு சின்ன ஆந்தை, செரண்டிப் ஆந்தைன்னு பேரு. 1995ல தீபால் வரகாகொடைன்னு அங்க உள்ள பறவை நிபுணர் ராத்திரில ஒரு சத்தம் கேக்காரு, தெரிஞ்ச எந்த பறவை சத்தமும் இல்ல. ஆளு விடல. 2001லதான் கண்ணால பாக்காரு, 2004ல புது இனம்னு எழுதுனாங்க. ஒரு ஊளைய வச்சிக்கிட்டு ஆறு வருசம் ஒரு மனுசன் அலைஞ்சிருக்காரு, நாம ஸ்பீக்கர வச்சி அஞ்சு நிமிசத்துல வரலன்னா உச்சு கொட்டுதோம்.

மலையகத்தான்:
வணக்கம். நான் நானுஓயா பக்கம் தோட்டத்துல பொறந்தவன், இப்ப டவுன்ல வேலை. இந்த பேச்ச கொஞ்ச நாளா வாசிச்சிட்டு இருந்தேன், இன்னைக்குதான் எழுதுறேன். எங்க பூட்டன் திருநெல்வேலி சீமைல இருந்து வந்தாருன்னு ஆத்தா சொல்லும், ஊரு பேரு அதுக்கும் தெரியல. கோப்பி காலத்துல வந்ததா தேயிலை வந்த பிறகா அதுவும் தெரியாது. அதனால சொக்காரன்னு நீங்க பறவைக்கு சொன்னது எனக்கு சிரிப்பா இருந்துச்சு.

இப்ப விசயத்துக்கு வாறேன். அண்ணே, நீங்க ஹோட்டன் பிளேன்ஸ் போறதுக்கு முந்தின நாள் நுவரெலியா டவுன்லயே விக்டோரியா பார்க்குக்கு போங்க. பஸ் ஸ்டாண்டுக்கு பக்கத்துல, பூச்செடி, ஊஞ்சல், பள்ளிக்கூட பிள்ளைகள்னு சாதாரண பார்க்குதான். 1897ல விக்டோரியா ராணி பேருல வச்சது. உள்ளுக்க ஒரு நாத்தம் புடிச்ச சாக்கடைக் கான் ஓடும், எல்லாரும் மூக்க பொத்திக்கிட்டு போற எடம், அங்கதான் நிக்கணும். ஆறுமணிக்குருவி அந்த சகதிலதான் கொத்திக்கிட்டு இருக்கும். பைட் த்ரஷ்ஷுன்னு கறுப்பு வெள்ளைல ஒன்னு, இமயமலைப் பக்கத்துல இருந்து வாறது, விடியக்காலம் மரத்துல பழம் திங்க வரும், வெயில் ஏறினா காணாது. காஷ்மீர் ஈப்பிடிப்பான் அங்க நிச்சயமா இருக்கும்னு வெள்ளைக்காரங்க எல்லாம் வந்து தவம் கிடப்பாங்க, அது குஞ்சு பொரிக்கிறது காஷ்மீர் பக்கம், பனிக்காலத்துக்கு எங்க மலைக்கும் உங்க நீலகிரிக்கும் வரும்.

ஹக்கல தோட்டமும் போங்க. சிங்கோனா வளக்க 1861ல வெள்ளைக்காரன் ஆரம்பிச்சது. பக்கத்துலதான் சீதை அம்மன் கோயில், இந்தியால இருந்து வாற எல்லாரும் கோயில பாத்துட்டு வேன்ல ஏறிருவாங்க, தோட்டத்துக்குள்ள மஞ்சக்காது சின்னானும் வெள்ளைக்கண்ணியும் கைக்கெட்டுற தூரத்துல நிக்கும். இதெல்லாம் எங்க நாட்டுல மட்டும் உள்ளது. கருமந்தியும் இருக்கும், சாப்பாட்ட ஒளிச்சி வைங்க.

நெல்லை_லென்ஸ்:
அண்ணே ரொம்ப சந்தோசம், இப்படி ஒரு ஆளு கிடைப்பாருன்னு நெனக்கவே இல்ல. ஹார்ட்டன் சமவெளிக்கு எத்தன மணிக்கு கிளம்பணும்? அந்த உலக முடிவுன்னு சொல்ற பள்ளத்தையும் பையன் பாக்கணும்ங்கான்.

மலையகத்தான்:
அங்கதான் எல்லாருக்கும் தலைவலி. உலக முடிவு சுமார் 880 மீட்டர் நேர் கீழ இறங்குற பள்ளம், ஒன்பது பத்து மணிக்கு மேல மஞ்சு ஏறி வெள்ளைத் துணி கட்டின மாதிரி ஆயிரும், அதனால டூரிஸ்ட் எல்லாம் கேட்டு தொறந்ததும் அங்க ஓடுவாங்க. பறவையும் அந்த காலை நேரத்துலதான். ரெண்டும் ஒரே காலைல கிடைக்காது. பறவைன்னா பட்டிப்பொல பக்கத்து ரோட்டுல மெதுவா போங்க, ரோட்டோரமா ஒரு குட்டை இருக்கு, அரெங்கா குட்டைன்னே சொல்லுவாங்க. பள்ளத்துக்கு இன்னொரு நாள் டிக்கெட் எடுங்க, இல்லன்னா பையன கூட்டிக்கிட்டு வீட்டம்மா நடக்கட்டும், நீங்க குட்டைல நில்லுங்க. வட்டப் பாதை ஒன்பது கிலோமீட்டர் கிட்ட வரும், தாத்தாவுக்கு முடியுமான்னு பாத்துக்கோங்க.

கேட்டுல பை எல்லாம் திறந்து பாப்பாங்க, பொலித்தீன் ஒன்னும் விட மாட்டாங்க, தண்ணி போத்தல்ல ஒட்டின பேப்பர கூட உரிச்சிருவாங்க. சாப்பாட்ட டப்பால கொண்டுவாங்க. டிக்கெட்டு வெளிநாட்டுக்காரருக்கு டொலர் கணக்கு, அத கேட்டு மயக்கம் போடாதீங்க. இருட்டோட தனியா இறங்கி நடக்க வேணாம், சிறுத்தை இருக்குற காடு. ஜனவரி பெப்ரவரில விடியக்காலம் புல்லுல பனி உறைஞ்சி கிடக்கும், திருநெல்வேலி ஸ்வெட்டர் ஒன்னுத்துக்கும் ஆகாது.

வாத்தியார்_அம்பை:
நல்ல தகவல் தம்பி. லென்ஸுக்கு நான் ஒன்னு சேத்துக்கிடுதேன்: 10×50 வேண்டாம், கனமும் கூட, காட்டுல கிட்டத்துல இருக்கத புடிக்க பார்வை அகலம் பத்தாது, கையும் ஆடும். 8×42 யார்ட்டயாவது இரவல் வாங்குங்க, என்கிட்டயும் ஒன்னு இருக்கு. குளிர்ல இருந்து வேனுக்குள்ள வந்ததும் லென்ஸ்ல ஆவி படியும், தொடைக்காதீங்க, வேன்ல ஏறுறதுக்கு முந்தியே பைக்குள்ள போட்டு ஜிப்ப மூடி வச்சி மெதுவா வெளிய எடுங்க. பையனுக்கு தனியா ஒன்னு கொடுங்க, இல்லன்னா உங்கள ஒரு நிமிசம் பாக்க விடமாட்டான்.

அட்டைக்கு மாஞ்சோலைல பண்ற வேலைதான், புகையிலைத் தண்ணிய சாக்ஸுல நனச்சிக்கிடணும். ஜனவரில மழை விட்டிருச்சுன்னா மேல அவ்வளவா இருக்காது.

பேட்டை_புறா:
கைடு கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. என் அபிப்பிராயம்: பார்க்குக்கும் ஹக்கலைக்கும் தேவையில்ல. ஹார்ட்டனுக்கு ஒரு காலைக்கு மட்டும் உள்ளூர் ஆள புடிங்க. புதர்க்குருவி ஒன்னு இருக்கு, மூங்கில் புதருக்குள்ள எலி மாதிரி ஓடும், பழுப்பு நிறம், நீங்களா தேடுனா அன்னைக்கு பூரா மூங்கிலத்தான் பாப்பீங்க. சத்தம் தெரிஞ்ச ஆளு எந்த புதர்னு கை காட்டிருவாரு. ஆப்புல இலங்கை பேக்க ஊர்லயே டவுன்லோடு பண்ணிக்கோங்க, மேல சிக்னல நம்பாதீங்க.

நெல்லை_லென்ஸ்:
போயிட்டு வந்தாச்சு, எழுத நேரம் இப்பதான் கிடைச்சுது. கணக்கெடுப்பையும் முடிச்சிட்டுதான் போனேன், பொருநையாரு சாட்சி.

பார்க்குல மலையகத்தார் சொன்ன கானு பக்கத்துல நின்னோம். நாத்தம் சும்மா சொல்லக்கூடாது, நம்ம நயினார்குளம் கரை தோத்துது. ஆறுமணிக்குருவி நடைபாதைலயே வந்து நின்னுது, நம்ம ஊர்ல அக்டோபர்ல எப்பவாது கொல்லைப்பக்கம் களைச்சி போயி விழுந்து கெடக்குமே அது மட்டும்தான் நான் பாத்தது, இங்க தெம்பா எலய தூக்கி தூக்கி எறிஞ்சிட்டு இருக்கு. பைட் த்ரஷ்ஷ மொதல்ல பாத்தது மாமனாரு. அவருக்கு பேரு தெரியாது, மாப்ள மேல ஒரு கரிச்சான் புருவத்துல திருநீறு பூசிட்டு இருக்குன்னாரு, நிமிந்து பாத்தா அதான். காஷ்மீர் ஈப்பிடிப்பானுக்கு மட்டும் ரெண்டு வேளை போக வேண்டியதாப் போச்சு. தொண்டைல ஆரஞ்சு, ஓரத்துல கறுப்பு வரி, கண்டதும் பக்கத்துல நின்ன ஒரு வெளிநாட்டு பாட்டி கைய தட்டுனாங்க, பறவை பறந்துட்டு.

ஹார்ட்டன்ல நாங்க பிரிஞ்சிதான் போனோம். வீட்டம்மாவும் பையனும் பள்ளத்துக்கு, நானும் மாமனாரும் குட்டைக்கு. குளிருன்னா குளிரு, மாமனாரு மங்கி கேப்புக்கு மேல துண்டும் கட்டிட்டு உக்காந்திருந்தாரு. அரெங்கா சத்தம் முதல்லயே கேட்டுட்டு, சார்வாள் சொன்ன அதே கம்பிச் சத்தம். பொறவு ஒன்னுமே இல்ல. மிளா கூட்டம் புல்லுல மேஞ்சிட்டு போச்சு, மங்கல் நீல ஈப்பிடிப்பான் வேலி கம்பில ரொம்ப நேரம் உக்காந்துச்சு, அத வச்சே நம்ம நீலகிரிக்காரனுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு நல்லா பாத்துக்கிட்டேன், நம்மாளு மாதிரி வால் அடில வெள்ளை இல்ல. வெயில் லேசா விழுந்தப்ப குட்டை ஓரத்து வேருல ஒரு பழுப்பு உருவம் வந்து நின்னுது, தோள்ல நீலம் ஒரு பொட்டு, பெட்டை அரெங்கா. கேமராவ தூக்குறதுக்குள்ள உள்ள போயிட்டு, போட்டோ கிடையாது. ஆம்பளைய பாக்கவே இல்ல.

காட்டுப்புறா வாரப்ப ரோட்டுல, பழ மரத்துல, கழுத்துக் கட்டம் தெளிவா. புதர்க்குருவிய கைடு காட்டுனாரு, பேட்டைக்காரர் சொன்ன எலிதான். சிங்கராஜா போகல. மனசு கிடந்து அடிச்சிக்கிட்டுது, ஆனா போயிருந்தா ரெண்டாவது நாள் குட்டைக்கு போயிருக்க முடியாது.

களக்காட்டுக்காரி:
போட்டோ இல்லாத அரெங்காதான் நல்ல அரெங்கா. பறவை பாத்தத பதியுற ஈபேர்டு தளத்துல போட்டீங்களா? சத்தம் மட்டும் கேட்டதையும் போடலாம், கேட்டதுன்னு குறிப்பு எழுதிருங்க.

பொருநை_கணக்கு:
சாட்சி சொல்லுதேன், வந்தாரு. ஆனா குளத்துல நின்னுக்கிட்டு புறா பேச்சே பேசிட்டு இருந்தாரு, ஊசிவால் வாத்த எண்ணுனது பூரா நாந்தான்.

மலையகத்தான்:
அடுத்தமுறை வந்தா தோட்டத்துக்கு வாங்கண்ணே. கொழுந்து எடுக்கிற அக்காமாருக்கு எந்த சத்தம் எந்த நேரத்துல வரும்னு உங்க ஆப்ப விட நல்லா தெரியும், ஆனா ஒருத்தரும் அவங்கட்ட கேட்டதில்ல. எங்க ஆத்தா காட்டுக்கோழிய கூப்பிட்டே காட்டும். நெலு பூத்து விதை விழுற வருசம் காட்டுக்கோழி கூட்டமா வரும்னு சொல்லும், அது உங்க குறிஞ்சிக்கு சொந்தக்கார செடி, பல வருசத்துக்கு ஒருதடவதான் பூக்கும்.

பேட்டை_புறா:
நாங்க ஏப்ரல் லீவுல போலாம்னு பேசிட்டு இருக்கோம், பிள்ளைகளுக்கு அப்பதான் பரீட்சை முடியும். ஆவுமா?

மலையகத்தான்:
ஏப்ரல் வேணாம். புது வருசத்துக்கு கொழும்பே நுவரெலியாவுக்கு ஏறி வரும், குதிரை ரேஸ், கார் ரேஸ், ரூம் வாடகை ரெண்டு மடங்கு. ஆறுமணிக்குருவி, காஷ்மீர்காரன், பைட் த்ரஷ் எல்லாம் அதுக்குள்ள வடக்க கிளம்பிரும், உள்ளூர் பறவை மட்டும்தான் இருக்கும். பெப்ரவரில ஒரு வாரம் லீவு போட முடியுமான்னு பாருங்க. காலண்டர்ல பௌர்ணமி என்னைக்குன்னு பாத்துட்டு அத விட்டு தள்ளி போடுங்க, போயாவுக்கு நாடே லீவு, கேட்டுல வரிசை நிக்கும். சிவனொளிபாத மலை சீசனும் அப்ப இருக்கும், அட்டன் பக்கமா வந்தா ரோட்டுலயே ராத்திரி போயிரும், கண்டி, இறம்பொடை வழியா வாங்க.

பேட்டை_புறா:
பிப்ரவரின்னா மொதல்ல ஸ்கூல்ல லீவு கேக்கணும். சார்வாள், அந்த 8×42 இப்ப யார்ட்ட இருக்கு?

வாத்தியார்_அம்பை:
லென்ஸ்ட்டதான். அவரு மாமனாரு கழுத்துல மாட்டுனவரு இன்னும் கழட்டலயாம்.